சவுக்குக் கரியில் ஓடிய கார்

அந்தக் காரின் இடது பக்கப் பின்கதவில் ஜன்னல் கண்ணாடியை இறக்குவதற்கு ஒரு கைப்பிடி உண்டு. வெள்ளி நிறத்தில், நுனியில் கறுப்புக் குமிழோடு பார்க்க அழகாக இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் வழுக்கிக்கொண்டு சுற்றுமே தவிர, கண்ணாடி அசையாது. அப்பா வாங்கும்போதே அது பழைய கார்தான். சின்ன வயதில் நானும் தங்கையும் அந்தக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி விளையாடுவோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் தங்கை கல்யாணப் புடவையோடு அதே இடத்தில் உட்கார்ந்து, மூச்சுத் திணறத் திணற அதே கைப்பிடியைச் சுற்றினாள். சித்தப்பாவைப் பற்றி யார் பேச்சை எடுத்தாலும் எனக்கு அவர் முகம் வருவதில்லை. அந்தக் கைப்பிடிதான் வருகிறது.

சித்தப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. திதிக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். அவர் மகள் ஃபோன் செய்து, அப்பாவின் கார் ஆராய்ச்சியைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடு அக்கா என்று கேட்டாள். போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சரி, இருக்கும்போதாவது சொல்ல விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அவர் பெரியவர், செங்கல்பட்டில் முப்பது வருஷம் பௌதிகம் நடத்திய வாத்தியார், ஊரே விஞ்ஞானி என்று கொண்டாடிய மனிதர். அவர் பக்கத்தில் நாங்களெல்லாம் வாயில்லாப் பூச்சிகள்.

அப்பாவின் காரியம் முடிந்த கையோடு அம்மாவிடம் வந்து, வண்டி நின்றால் துருப்பிடிக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். பெட்ரோல் சோம்பேறிகளுக்கானது என்பது அவருடைய வாய்ப்பாடு. முதலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினார். தெருவே கொசு மருந்து அடித்த மாதிரி ஆனது. அடுத்து, பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் சாப்பிடும் கடைகளுக்குப் போய், பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெயைக் கேனில் வாங்கி வந்தார். கார் போன இடமெல்லாம் போண்டா வாசனை. நாய்கள் பின்னாலேயே ஓடின. மூன்றாம் நாள் இன்ஜின் மூச்சை நிறுத்திக்கொண்டது. அதைக் கழற்றி, சுரண்டி, கழுவி மறுபடி பூட்டினார். அவரிடம் இல்லாத குணம் அலுப்பு. எங்களுக்குத்தான் அது நிறைய இருந்தது.

கடைசியில் வந்து நின்றது கரி. கடற்கரைப் பக்கம் சவுக்குக்கு என்ன பஞ்சம்? டிக்கியில் தகர டிரம் ஒன்றைப் பொருத்தி, அதில் சவுக்குக் கரியைக் கொட்டி அடியில் நெருப்பு வைத்தார். காற்றை அளந்து விட்டால் கரி கொழுந்துவிட்டு எரியாமல் கனன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து வருகிற வாயுவைக் குழாயில் பிடித்து இன்ஜினுக்கு அனுப்பினால் வண்டி ஓடும். உண்மையிலேயே ஓடியது, அதை நான் மறுக்கவில்லை. ரயில்வே மேம்பாலத்தில் ஏற மட்டும் முடியாது. நாங்கள் இறங்கித் தள்ள, அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து அறிவியல் சொல்வார். குழாயை வண்டிக்கு அடியில் கொண்டுபோவது சிரமம் என்று, டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் இருந்த தகட்டில் தேங்காய் அளவுக்கு ஓட்டை வெட்டி உள்ளேயே விட்டிருந்தார். அப்பா வாரம் தவறாமல் துடைத்த கார் அது. அதை வெட்டிய அன்று அம்மா சாப்பிடவில்லை. அந்த வாயு நிறமில்லாதது, வாசனையில்லாதது, மூடிய அறையில் ஆளைக் கொல்லும் என்று அவரே வகுப்பில் நடத்தியவர். அவரிடம் படித்தவள் என்பதால் எனக்கே தெரியும்.

தங்கைக்கு மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு கடலோர ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாண மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போக, அம்மா நல்ல வாடகைக் கார் ஒன்றைப் பேசியிருந்தாள். சித்தப்பா குறுக்கே வந்து விழுந்தார். "அண்ணன் பொண்ணு அண்ணன் வண்டிலதான் போவணும் அண்ணி. வாடகை வண்டில அனுப்பனா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" அப்பா பெயரைச் சொன்னால் அம்மா உருகிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். உருகிவிட்டாள்.

திருக்கழுக்குன்றம் வழியாக முக்கி முனகி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் நடந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்கு மேல்தான் ஆரத்தி, அதுவரைக்கும் பொண்ணு மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று மாப்பிள்ளையின் அத்தை தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை மட்டும் நண்பர்களோடு பேச இறங்கிப் போனார். ஆம்பிளைக்கு ராகுவும் கேதுவும் வழி விடும்போல. கடற்காற்று மணலை வாரி அடித்ததால் கண்ணாடிகளை ஏற்றிக் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். சித்தப்பா இன்ஜினை நிறுத்தினாரே தவிர, கரி அணையாமல் இருக்க டிரம்முக்கு ஊதும் சின்னக் காற்றாடியை நிறுத்தவில்லை. நேரம் வந்ததும் சொட்டுப் பெட்ரோல் இல்லாமல், தெருவே பார்க்க, பந்தல் வரை ஓட்டிக் காட்ட வேண்டும் அவருக்கு. காற்றாடி ஊத ஊத இன்ஜினுக்குப் போக வேண்டிய வாயு போக இடமில்லாமல் கசிந்து, அந்த ஓட்டை வழியாகப் பின்சீட்டுக்கு வந்தது. அவர் டிக்கியைத் திறந்துவைத்து, கூடிய கும்பலுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பின்னால் வந்த வேனிலிருந்து சீர்த்தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் தங்கையின் வளையல் கை அந்தக் கைப்பிடியைச் சுற்றுவது தெரிந்தது. கதவைத் திறந்து இறங்க அவளுக்குத் தெரியாதா? இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். புது மருமகள், முதல் சொல்லையே மீற முடியுமா? அதனால்தான் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். அடுத்து அவள் தலை கண்ணாடியில் சாய்ந்தது. தட்டைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் கதவை இழுத்தேன். அவள் மணலில் சரிந்தாள். வாந்தி எடுத்தாள். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அத்தை தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவள் கையில் திணித்து, "வலிப்பு வருது, இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க" என்றார். கடற்காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் அவள் கண் விழித்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் தெருவே அந்தச் சாவிக்கொத்தைப் பார்த்துவிட்டது. வலிப்புக்காரியை மறைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற பேச்சு, ஆரத்தித் தட்டு வருவதற்கு முன்பே வீட்டுக்குள் போய்விட்டது.

கரி வாயுதான் காரணம் என்று நான் சொன்னேன். பெண்ணின் அக்கா வேறென்ன சொல்வாள் என்றார்கள். காரை ஓட்டியவர், படித்தவர், பெரியவர், சித்தப்பா சொன்னால் நம்புகிறோம் என்றார்கள். மறுவாரம் அம்மாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். கொல்லைப்புறத்தில் கரியைச் சலித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கள், அவள் வாழ்க்கை அதில்தான் இருக்கிறது என்று அம்மா அவர் காலைத் தொடாத குறையாகக் கெஞ்சினாள். அவர் சல்லடையைக் கீழே வைக்கவே இல்லை.

"என் வண்டில கேஸ் லீக்காவாது அண்ணி. பொண்ணு காலைலேந்து பட்டினி, மயக்கம் வந்துகீது. அதுக்கு வண்டி இன்னா பண்ணும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அன்றுதான். நீங்கள் வாத்தியாரே இல்லை என்றேன். அதற்காக அம்மா என்னைத்தான் திட்டினாள்.

அந்த வீட்டில் தங்கை பட்டதைச் சொன்னால் நாள் போதாது. இல்லாத வியாதிக்கு மாத்திரை. அடுப்புப் பக்கம் போகக் கூடாது, கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, தனியாகக் கடற்கரைக்குப் போகக் கூடாது. தலையணைக்கு அடியில் எப்போதும் இரும்பு. கல்யாணத்தன்று அவள் கையில் திணித்த சாவிக்கொத்து பிறகு ஒருநாளும் அவள் கைக்கு வரவில்லை. குழந்தைக்கும் வியாதி வரும் என்று பயந்தார்கள். கடைசியில் அதையே காரணம் காட்டி எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அவள் என்னோடு கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள். அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை. தினமும் ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். எந்த வலிப்பும் வந்ததில்லை, ஒரு தடவைகூட.

நாலு வரி எழுதக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தக் கார் ஞாபகமாகவே இருந்தது. சித்தப்பா சாகும் முன் அதை மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு கடற்கரை விடுதிக்குக் கொடுத்திருந்தார். அதன் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரியும். போன வாரம் தங்கைதான், வாக்கா, போய்ப் பார்க்கலாம் என்று ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு போனாள். காருக்குப் புதுப் பச்சைப் பெயின்ட். டிக்கியில் டிரம் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஓட்டை இருந்த இடத்தில் தடித்த தகடு வைத்து வெல்டிங் அடித்து, விளிம்பெல்லாம் ரப்பர் கொடுத்து, காற்றுக்கூடப் புகாதபடி அடைத்திருந்தது. குழாய் வண்டிக்கு அடியில் போயிருந்தது. விடுதிக் காவலாளி, டிரம்மை மட்டும்தான் நாங்கள் கழற்றினோம், மற்றதெல்லாம் வாத்தியார் கொடுத்தபடியே இருக்கிறது என்றார்.

தங்கை அதற்குள் பின்சீட்டில் ஏறி, பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். கண்ணாடி வழுவழுவென்று இறங்கியது. மறுபடி ஏற்றினாள், மறுபடி இறக்கினாள்.

"ரிப்பேர் பண்ணி வெச்சிகீறாருக்கா," என்றாள். "அவரு பொண்ணு கல்யாணத்துல பாத்தேன். இதே வண்டிதான். இந்த ஜன்னல் தொறந்துகினு இருந்துச்சு. அவ கைய வெளிய வெச்சிகினு வந்தா. எனக்கு அப்பத் தோணல."

எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கல்யாணம் எங்கள் வீட்டுக் கல்யாணம் முடிந்து வந்த தையில் நடந்தது. அப்போது தங்கை அந்த வீட்டில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தன் மகளுக்கு வரும் முன்பே தெரிந்துகொண்டு எல்லாவற்றையும் அடைத்து, திருத்தி, எண்ணெய் போட்டு வைத்தவர், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

நினைவு மலருக்கு நாலு வரி அனுப்பவில்லை. ஒரே ஒரு வரி அனுப்பினேன்: தன் மகளை ஏற்றுவதற்கு முன் சித்தப்பா அந்தக் காரின் ஓட்டையை அடைத்து, ஜன்னலைச் சரிசெய்தார். ரொம்ப நன்றாக இருக்கிறது அக்கா, அப்பா என்னை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டாய் என்று அவர் மகள் பதில் அனுப்பியிருக்கிறாள்.

காரைப் பார்த்த அன்றைக்கு நாங்கள் விடுதியிலிருந்து கிளம்பும்போது காவலாளி பின்னாலிருந்து கூப்பிட்டு, மணல் வந்துவிடும், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போங்கம்மா என்றார். தங்கை ஏற்றவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.