அக்காவின் மடிக்கணினியும் என் மீட்புப் பென்டிரைவும்

இன்று முற்பகல் சிதம்பரத்தில் அக்காவின் தையற்கடையில் மடிக்கணினி இயங்க மறுத்துவிட்டது. மாலைக்குள் தைத்துத் தரவேண்டிய மணப்பெண் ரவிக்கையின் மயில் எம்பிராய்டரி வடிவம் அதற்குள்தான் இருந்தது. வேறு நகல் இல்லை. அக்கா கண்கலங்கி நின்றார்.

நான் கைப்பையிலிருந்து என் மீட்புப் பென்டிரைவை எடுத்தேன். படுத்துவிட்ட கணினியையும் தன்னிலிருந்தே இயக்கி, உள்ளிருக்கும் கோப்புகளை வெளியே எடுத்துத் தரவல்லது அது. எவரிடமும் பயிலாமல், கடலூரில் என் வீட்டு மேசையில் நானே உருவாக்கியது.

"இத்தினியூண்டு குச்சியா காப்பாத்தப் போவுது?" என்றார் அக்காவின் கணவர்.

"பாருங்க மாமா" என்று செருகினேன்.

கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"படிச்சு பாஸ் பண்ணவுங்க யாரையாவது கூப்புடவா?" என்றார் மாமா.

அக்காதான் பென்டிரைவை வாங்கி உற்றுப் பார்த்தார். "ஏண்டி, உள்ள என்னடி மஞ்சளா இருக்கு?"

ஆயுத பூசையன்று பக்திப் பெருக்கில் நான் இட்ட சந்தனம், செருகும் முனைக்குள் காய்ந்து ஒட்டியிருந்தது!

அக்கா ஊசியால் பக்குவமாகச் சுரண்டித் துடைத்தார். மீண்டும் செருகினேன். திரை ஒளிர்ந்தது. மணப்பெண்ணின் மயில்கள் ஓர் இறகும் குறையாமல் வெளிவந்தன. அக்கா என்னைக் கட்டிக்கொண்டார்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடும்மா" என்றார் மாமா. "பொட்டு மட்டும் நானே வச்சிக்கிறேன்."

நண்பர்களே, தாங்கள் பென்டிரைவுக்கு எப்பக்கம் சந்தனம் இடுகிறீர்கள்?