மூன்றாம் வரிசையில் உட்காரும் மனிதர்

எங்கள் கல்லூரிப் பேருந்தை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவர் அபூ சக்ர். கராக் கோட்டைக்குக் கீழே காலை ஏழு மணிக்கு வண்டி நிற்கும், உடனே கிளம்பிவிடும். ஏழு ஐந்துக்கு வருகிறவர்கள் வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்க்கலாம். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை மீசை. சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியைக் கட்டிக்கொண்டு அவர் நடந்து வந்தால் தெரியாதவர்கள் எழுந்து நின்று ஸலாம் சொல்வார்கள். இவர் பஸ் டிரைவர் என்று பிறகுதான் யாராவது காதில் ஓதுவார்கள்.

அந்தத் தோற்றத்தால் அவருக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. பெண் கேட்கவோ, அடிதடி, விபத்து என்று மன்னிப்புக் கேட்கவோ எங்கள் ஊரில் தனியாளாகப் போகிற வழக்கமில்லை. நாற்பது ஐம்பது ஆண்கள் திரண்டு ஜாஹா என்ற தூதுக் கூட்டமாகப் போக வேண்டும். முன்வரிசையில் பெரிய மனிதர்கள், இரண்டாம் வரிசையில் சொந்தக்காரர்கள், மூன்றாம் வரிசையில் கூட்டம் எடுப்பாகத் தெரியட்டும் என்று அழைத்து வரப்பட்டவர்கள். அபூ சக்ர் நிரந்தர மூன்றாம் வரிசை. வாய் திறக்க வேண்டியதில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும்.

"அறுபது ஜாஹா பாத்துட்டேன் டீச்சரம்மா. நம்ம ஊர்ப் பெரிய மனுஷங்க முதுகு ஒண்ணு விடாம எனக்கு அத்துப்படி. மூஞ்சிதான் அடையாளம் தெரியாது" என்பார்.

நான் சமூகவியல் நடத்துகிறேன். தினமும் செய்வதை வெளியூர்க்காரர் கண்ணால் பாருங்கள், அதன் பின்னால் இருக்கும் எழுதாத சட்டம் தெரியும் என்று வருடா வருடம் தொண்டை வறளச் சொல்வேன். "வீட்ல நடக்கிறதுக்கெல்லாம் எதுக்கு மிஸ் பரீட்சை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அபூ சக்ரும் அவர்கள் கட்சிதான். நானும் அந்தச் சட்டங்களுக்குள்தான் கழுத்துவரை கிடந்தேன் என்பது எனக்கே அந்த மார்ச் மாதம்தான் உறைத்தது.

அந்த மாதம் என் அண்ணன் மகள் லுஜைன் தெருச் சரிவில் நடந்து வரும்போது, கைத் என்ற இளைஞன் பின்பக்கமாக எடுத்த காய்கறி வண்டி அவளை இடித்துத் தள்ளியது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு மாதத்தில் நடப்பாள் என்று மருத்துவர் சொன்னபோதுதான் நாங்கள் மூச்சு விட்டோம். கைத்தைக் காவலில் வைத்தார்கள். இரண்டு குடும்பமும் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் அவனை வெளியே விடமாட்டார்கள். அதைவிட, அடிபட்டவர்கள் கண்ணில் படாமல் அடித்தவர்கள் தெருவைக் காலி செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கைத்தின் தாய் உம்மு கைத் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். விதவை. பெரியவர்கள் வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கித் தந்திருந்தார்கள். அன்றைக்கு ஜாஹா வரும். அண்ணன் முஃப்லிஹ் மறுத்துவிட்டால் அவள் முப்பது வருடம் வாழ்ந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மெத்தைகளைச் சுருட்டிக் கயிறு போட்டு வாசலில் வைத்துவிட்டாள்.

அண்ணனுக்கு மறுக்க மனமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சமையலறைக்கு வந்து நின்றார்.

"அந்தப் பையன் குடிச்சுட்டு ஓட்டல, வேணும்னு இடிக்கல. எனக்குத் தெரியாதா? ஆனா நான் உடனே தலையாட்டினா பங்காளிங்க என்ன பேசுவாங்க? பொண்ணு கால் ஒரு வாய்க் காபிக்குச் சமமான்னு கேப்பாங்க. முக்கியமா நாயிஃப் இருக்கானே, அவன் என்னை ஊருக்குள்ள தலை நிமிர விடமாட்டான்."

நாயிஃப் எங்கள் பெரியப்பா மகன். ஆள் குள்ளம், குரல் மலை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே 'விடக்கூடாது' என்று கத்தியவன். ஆனால் இரண்டு நாள் முன்பு நான் அவன் வீட்டுக்குப் போனபோது குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. அண்ணன் மனசு நோகுமேன்னுதான் நான் சத்தம் போடுறேன். நான் போடலைன்னா அவரை யாரு மதிப்பா?" என்றான். மற்ற பங்காளிகள் வீட்டுக்கும் போனேன். ஏழு வீடு. ஏழு வீட்டிலும் இதே பதில். யாருக்கும் சண்டை வேண்டாம், ஆனால் மற்றவர்களுக்கு வேண்டும் என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்யாத குறையாக நம்பினார்கள். வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொல்லி, படம் வரைந்து, கேள்வியும் கேட்டிருக்கிறேன். வீட்டில் அதை வைத்து ஒரு மண்ணும் செய்ய முடியவில்லை. அண்ணனிடம் சொன்னேன்.

"உன்கிட்ட அப்படித்தான் சொல்லுவாங்க. பொம்பளைகிட்ட யாரு வீறாப்பு காட்டுவா? நீ போய் காபியைப் பாரு."

எனக்கு வந்த கோபத்தில் ஏலக்காயை இடித்த இடியில் உரலே உடைந்திருக்க வேண்டும்.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்து ஜாஹா வந்தது. நான் உள்கதவின் இடுக்கில் நின்றேன். பின்னறையில் லுஜைன் கால் கட்டோடு படுத்திருந்தாள். கூடத்தில் கூட்டம் வரிசையாக உட்கார்ந்தது. பேச வந்த ஷேக்குக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய ஓய்வுபெற்ற நீதிபதிக்குக் காய்ச்சலாம், வரவில்லை. ஷேக்கின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் அழகில்லையே என்று யாரோ மூன்றாம் வரிசையிலிருந்து அபூ சக்ரின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்கார வைத்தார்கள். மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு முன்னால் ஒரு முதுகுகூட இல்லை.

நாயிஃப் காபிக் கூஜாவோடு வந்தான். ஷேக் கோப்பையை வாங்கினார், குடிக்காமல் தரையில் வைத்தார். கேட்டு வந்தது கிடைக்கும்வரை ஜாஹா காபியைத் தொடாது, கிடைத்த பிறகே குடிக்கும். இது பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். ஷேக் தொண்டையைச் செருமிக்கொண்டு அல்லாவைப் புகழ்ந்து, நபியை வாழ்த்தி, எங்கள் பாட்டனாரின் பெருமைக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் நாயிஃப் அடுத்த கோப்பையை அபூ சக்ர் கையில் கொடுத்தான்.

அபூ சக்ர் குடித்துவிட்டார்.

ஒரே மடக்கு. குடித்ததோடு விட்டாரா? 'போதும்' என்று கோப்பையை இப்படியும் அப்படியும் இரண்டு தரம் குலுக்கி நீட்டினார். குலுக்கிய கோப்பையை வாங்காமல் நிற்க நாயிஃபின் கைக்கும் பழக்கமில்லை, அதுவும் வாங்கிக்கொண்டது.

மூன்றாம் வரிசைக்குக் காபி வருகிறது என்றால் முன்னால் எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்று அர்த்தம். அறுபது ஜாஹாவில் அந்த மனிதர் கண்டது அது ஒன்றுதான். கோப்பை கைக்கு வந்தது, காரியம் முடிந்தது என்று கை நினைத்துக்கொண்டது.

ஷேக் பாதி வாக்கியத்தில் நின்றார். அவமானம் என்று எழுந்து கத்தினால் எல்லாம் முடிந்தது. கத்த வேண்டியவன் நாயிஃப். அவன் கையில் காலிக் கோப்பையோடு அண்ணனைப் பார்த்தான், அண்ணன் அவனைப் பார்த்தார். நாயிஃபின் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு! அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வந்துவிட்டது.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "காபி எப்படி இருக்கு, அபூ சக்ர்?"

அப்போதுதான் அந்த மனிதருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும்?

"அல்லா உங்க வீட்டை நிறைச்சு வைக்கட்டும். ஏலக்காய் மட்டும் கொஞ்சம் தூக்கல்."

கூடமே வெடித்துச் சிரித்தது. பங்காளிகள் ஏழு பேரும் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்பதை மற்றவர் பார்த்தார், பார்த்ததும் இன்னும் சிரித்தார்கள்.

அண்ணன் எழுந்தார். "என் வீட்டுக் காபியைக் குடிச்சவரை வெறுங்கையா அனுப்பினதா நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. மன்னிச்சுட்டேன். உம்மு கைத் எங்கயும் போக வேண்டாம். பையன் வீட்டுக்கு வரட்டும். ஷேக், நீங்களும் குடிங்க, ஆறிப்போகுது."

பத்திரத்தில் கையெழுத்தானது. அண்ணன் உள்ளே வந்து சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவுகிற சாக்கில் அழுதார். பத்து நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல் இறங்கினால் யாரும் அழத்தான் செய்வார்கள். நானும் அழுதேன். இருட்டுவதற்குள் உம்மு கைத் மெத்தைகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். "நான் அப்பவே மன்னிக்கலாம்னு சொன்னேன்ல?" என்று நாயிஃப் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனான்.

எங்கள் ஊரில் சந்தோஷப்படாமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். வெள்ளி, சனி வார விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்தில் ஏறினேன். அபூ சக்ர் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை. மீசை தொங்கிக் கிடந்தது.

"என்ன அபூ சக்ர், ஊரே உங்களை வாழ்த்துது. நீங்க என்னடான்னா இழவு வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கீங்க?"

"கேலி பண்ணாதீங்க டீச்சரம்மா."

"நெசமாத்தான். அங்க இருந்த எல்லாருக்கும் மன்னிக்க ஆசை. யாரு முதல்ல வாயைத் திறக்கிறதுன்னுதான் பயம். உங்க ஒரு மடக்குல எல்லாரும் தப்பிச்சாங்க. என் பாடப் புத்தகம் செய்யாததை நீங்க செஞ்சீங்க."

"அதெல்லாம் ஆம்பளைங்க கணக்கு." வண்டியைக் கிளப்பாமல் சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மணி ஏழு மூன்று. "அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. அந்தப் பொண்ணு கால் உடைஞ்சு கிடக்குது. அதுக்குப் பதிலா நான் மன்னிச்சுட்ட மாதிரி ஆயிடுச்சு. எனக்கு என்ன உரிமை? அந்தப் பிள்ளைக்கு இதுல சம்மதமா?"

எனக்குத் தெரியவில்லை. ஏழு வீட்டுக் கதவைத் தட்டி ஆராய்ச்சி செய்தவள் நான். பின்னறைக்குத் தலையணையும் சூப்பும் கொண்டுபோனேன், இந்தக் கேள்வியைக் கொண்டுபோகவில்லை.

சாயங்காலம் போய் அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். லுஜைன் போனைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரிலேயே மன்னிச்சாச்சு அத்தை. கைத்தோட அம்மாவுக்கு முதல் நாளே மெசேஜ் போட்டேன். அவங்க அழுது பதிலும் போட்டாங்க. 'ஆம்பளைங்ககிட்ட சொல்லிடாதே, அவங்க முடிவு பண்ணாத்தான் செல்லும்'னாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டு இருந்தீங்க. என் முறை வரும்னு பாத்துட்டே இருந்தேன்."

மறுநாள் ஏழு மணிக்கு அபூ சக்ரிடம் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் கண்ணை மூடி 'அல்ஹம்துலில்லாஹ்' என்றார். பிறகு திரும்பி முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப நாங்க அம்பது பேரு அங்க எதுக்கும்மா உக்காந்திருந்தோம்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். தெரியவில்லை என்றேன். பேருந்து ஏழு ஐந்துக்குப் புறப்பட்டது.