குத்தம்பாக்கம் பக்கம் ஒரு மாதிரி அறுவடை

தை மாதத்தில் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு ஆவடியில் பஸ் ஏறினோம். தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் லாரன்ஸ், தன் அக்கா ரோஸியின் வயலில் மாதிரி அறுவடை நடக்கப்போகிறது, லீவு போட்டுவிட்டு வா மச்சான் என்று கூப்பிட்டிருந்தான். குவார்ட்டர்ஸில் இத்தனை வருஷம் இருந்தும் பூந்தமல்லிக்கு மேற்கே நெல் விளைவதை நான் பார்த்ததில்லை.

கரையான்சாவடியில் பஸ் நின்று நின்று நகர்ந்தது. பூந்தமல்லியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஆளுக்கு முப்பது ரூபாய். குத்தம்பாக்கம் ஏழெட்டு கிலோமீட்டர்தான். அதையும் தாண்டி மண்பாதையில் திரும்பியதும் லாரிச் சத்தம் அடங்கி, இரண்டு பக்கமும் பழுத்த கதிர்கள் தெரிந்தன.

வழியிலேயே லாரன்ஸ் விஷயத்தைச் சொன்னான். ரோஸியக்கா இதுவரை குண்டு நெல்தான் நடுவார். விலை குறைவு, ஆனால் மழைக்குத் தாங்கும். பயிர்க் காப்பீடு செய்த தைரியத்தில் இந்த முறை முதல்தடவையாகப் பொன்னி நட்டார். பக்கத்து வயல் பச்சையம்மாளையும் காப்பீடு செய்யவைத்து, பொன்னி நடவைத்தார். ஐப்பசி மழையில் பச்சையம்மாளின் பள்ளத்து வயல் மூழ்கிப் பயிர் அழுகியது. அக்காவின் மேட்டு வயல் தப்பி, நன்றாக விளைந்துவிட்டது.

சிக்கல் அங்கேதான். நெல்லுக்கு ஒவ்வொரு வயலாகப் பார்த்து இழப்பீடு தருவதில்லை. குலுக்கலில் வரும் சில வயல்களில் அறுத்து எடை போடுவார்கள். ஊரின் சராசரி குறைந்திருந்தால்தான் எல்லாருக்கும் பணம். குலுக்கலில் கடைசியாக வந்தது அக்காவின் வயல்; அதன் எடை சராசரியை ஏற்றிவிடும்.

நாங்கள் போனபோது வேளாண்மை அலுவலர் அம்மாவும் காப்பீட்டு நிறுவனத்துப் பையனும் வரப்பில் நின்றிருந்தார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டினார்கள். கயிறு விழுந்த இடத்தில் கதிர் சாய்ந்து கிடந்தது, அவ்வளவு பாரம். ரோஸியக்கா அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லா வெளஞ்சதுக்கு வருத்தப்படுவேன்னு நெனச்சதில்ல தம்பி," என்றார் என்னிடம். "நாந்தானே அவள நடச் சொன்னேன்."

அறுக்க ஆள் போதவில்லை. அப்போது அரிவாளோடு வந்து இறங்கினார் பச்சையம்மாள். யாரும் கூப்பிடவில்லை. அக்கா தடுக்கப் பார்த்தார்.

"ஏன்டி மூஞ்சத் தூக்கினு கீற?" என்றார் பச்சையம்மாள். "உன் நெல்லும் அழுகியிருந்தா எனக்கு இன்னா சந்தோஷம்?"

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து அறுத்தார்கள், தார்ப்பாயில் அடித்தார்கள், தூற்றினார்கள். தராசில் ஏற்றியபோது அலுவலர் அம்மா எண்ணை உரக்கப் படித்தார். நல்ல எடைதான். பச்சையம்மாள் தலையில் ஒட்டிய பதரைத் தட்டிவிட்டு, டீ போடப் போனார்.

மதியம், அக்கா போன வாரமே வயலின் ஓரத்தில் கொஞ்சம் அறுத்துக் காயவைத்து அரைத்த புது அரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது பச்சையம்மாளும் பூந்தமல்லிக்கு விதை வாங்க எங்கள் ஆட்டோவில் ஏறினார். இனிமேல் பொன்னி பக்கமே போகமாட்டீர்களா என்று கேட்டேன். பள்ளத்தில் தண்ணீர் தாங்கும் நெல், மேடாக இருக்கிற துண்டில் பொன்னி, இரண்டுக்கும் காப்பீடு என்று கணக்குச் சொன்னார். முன்பெல்லாம் ஒருமுறை மூழ்கினால் அடுத்த போகம் தரிசாகப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போய்விடுவாராம்.

"துட்டு வரும்போது வரட்டும். நாத்து உடணும்ல," என்றார்.

ஆவடி வந்து சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் மழை பெய்தால் துணி காயாது என்பதுதான் கவலை. மாதச் சம்பளம் நனைவதில்லை.

கோடையில் ஒருநாள் கேன்டீனில் லாரன்ஸ் சொன்னான்: மற்ற வயல்களில் விளைச்சல் மிகவும் குறைந்திருந்ததால் ஊருக்கு இழப்பீடு வந்துவிட்டது. நட்டம் முழுவதற்கும் இல்லை, ஆனாலும் வந்தது. சேதி கேட்ட அன்று ரோஸியக்கா பச்சையம்மாள் வீட்டுக்குப் போய், இரண்டு பேருமாக ஒரு படி பொன்னி வடித்துச் சாப்பிட்டார்களாம்.