கரிசலில் இறங்கிய அம்பாசிடர்

போன ஐப்பசியில், மழை விட்ட இரண்டாம் நாள், கயத்தாறுக்கு மேற்கே காற்றாலைகளுக்குப் போகும் சரள் பாதை ஒன்றில் நடந்தது இது. எங்கள் பழைய அம்பாசிடரை விற்பதற்காகத்தான் அங்கே போயிருந்தோம்.

நான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. சிறு வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் அவளுக்கு இரண்டு கால்களிலும் பலம் இல்லை, ஊன்றுகோலோடு நடப்பாள். கல்யாணமான புதிதில் வாங்கிய அம்பாசிடரை, அவள் கைகளாலேயே ஓட்டும்படி ஒரு பட்டறையில் கொடுத்து மாற்றினோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு நீளக் கம்பி. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வண்டி வேகமெடுக்கும். கிளட்சுக்குக் கியர் கம்பியிலேயே ஒரு பிடி. மற்றவர்களும் ஓட்டலாம் என்பதற்காகக் கால் மிதிகளை எடுக்காமல் விட்டிருந்தோம். ஆனால் அந்த வண்டி அவள் கையில் ஓடியதுபோல என் காலில் ஒருநாளும் ஓடியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவளே போவாள். விடுமுறையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் ஓட்டிப்போவாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்குத் தோள்பட்டை தேய்ந்துபோனது. இனி கம்பியைத் தள்ளி இழுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டி ஷெட்டிலேயே நின்று நின்று நோய் பிடித்தது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

குறையைச் சொல்லாமல் பொருளை விற்பது எனக்கு வராது. வருகிறவர்களிடம் முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுவேன்: ரேடியேட்டர் ஒழுகும், மூன்றாவது கியர் நழுவும், பின்கதவுக்குக் கீழே துரு, இறக்கத்தில் ஹேண்ட்பிரேக் பிடிக்காது. ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "நீங்க வண்டிய விக்கப் போறீயளா, இல்ல ஆஸ்பத்திரில சேக்கப் போறீயளா?" என்றாள்.

குறைகளுக்குக்கூட ஆட்கள் பயப்படவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கைக்கம்பியைக் கழற்றித் தர முடியுமா? கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவர் கேட்டார். பழைய கார் சேர்க்கிற மதுரைக்காரர் கேட்டார். "கம்பியக் கழட்டுதவியளுக்கு வண்டி கிடையாது" என்று உள்ளே இருந்தபடியே சொல்லிவிட்டாள் அவள்.

அப்போதுதான் அந்த அண்ணன் தம்பி ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். ஒரு கோபுரத்தின் உள்ஏணியில் கால் வழுக்கி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அண்ணன் விவசாயி. தம்பியை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து ஓட்டுநர் இருக்கையில் வைத்து, வேட்டியைச் சரிசெய்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார்.

"பாத்தே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கான் சார். அதான் கூட்டியாந்தேன்" என்றார் அண்ணன்.

"ஒத்தக்கால்லயாவது நிக்கேனே, அதுக்குச் சந்தோசப்படு" என்று சிரித்தார் தம்பி.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. காற்றாலைகளின் கட்டுப்பாட்டு அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கவனிக்கும் வேலை தருவதாகத் தம்பிக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரிலிருந்து அங்கே பஸ் கிடையாது. தானாக வந்து போக முடிந்தால்தான் வேலை. அண்ணனுக்கோ அதில் துளியும் மனம் இல்லை.

"ஒருதடவ விழுந்து எந்திரிச்சவன். மறுபடியும் ஒரு மிஷின்ல கொண்டுபோய் ஏத்தச் சொல்லுதான். அவன நான் தூக்கிட்டுத்தானே இருக்கேன்? எனக்கு என்ன பாரமா?"

"பாரம் இல்லன்னா ராத்திரி முதுகுக்குத் தைலம் எதுக்குத் தேய்க்க?" என்றார் தம்பி.

என் மனைவி கைக்கம்பியைப் பிடித்துக் காட்டி, "ஓட்டிப் பாக்குதீங்களா தம்பி?" என்று கேட்டாள். ஊருக்குள் கூடாது என்றேன் நான். எங்கள் ஊர்ப் பக்கம் காற்றாலைகளுக்குப் போகிற காத்தாடி ரோடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது என்றார் தம்பி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை நானே அங்கே ஓட்டிப்போனேன். இருபுறமும் மழையில் ஊறிய கரிசல், நடுவே மேடாகப் போட்ட சரள் பாதை. பாதை ஓரமெல்லாம் காற்றாலைகள். தொலைவிலிருந்து பஸ்ஸில் போகும்போது பார்ப்பதும் அடியில் நின்று பார்ப்பதும் ஒன்றல்ல. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். இறக்கை ஒவ்வொன்றும் நம் தலைக்கு மேலே வந்து, மூச்சு விடுவதுபோல ஓர் ஓசை எழுப்பிவிட்டுப் போகிறது. விழுந்த நாளுக்குப் பிறகு தம்பி அந்தப் பாதைக்கு வந்தது அன்றுதான்.

அவர் ஓட்டுநர் இருக்கையில், என் மனைவி பக்கத்தில், நான் பின்னால். அண்ணன் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தார். முதலில் இரண்டு முறை வண்டி குலுங்கி அணைந்தது. பிறகு கை பழகிவிட்டது. நின்று, நகர்ந்து, நின்று பார்த்தார். கொஞ்ச தூரத்தில் பேச்சும் வந்துவிட்டது. காற்றாலைகளைச் சொந்தக்காரர்களைப்போல அறிமுகப்படுத்தினார். "இது நல்ல புள்ள, ஒரு தொந்தரவும் கிடையாது. அந்தா நிக்கே, அது கோவக்காரி, சும்மா சும்மா சூடாயிரும்." என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வண்டி யாருக்கு என்று அவள் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

பாதை ஓர் ஓடையை நோக்கி இறங்கியது. இறக்கத்தில் பாதி போயிருப்போம். ஓடைக்குள்ளிருந்து ஒரு பெரிய செம்மறி மந்தை திடீரென்று மேலேறிப் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. நடுவில் கம்போடு ஒரு பெண்.

தம்பி கைக்கம்பியை முன்னால் தள்ளினார். கீழே ஏதோ தெறிக்கும் சத்தம். கம்பி எந்த எதிர்ப்பும் இல்லாமல் டேஷ்போர்டு வரை போய் முட்டியது. பிரேக்கோடு அதை இணைத்திருந்த ஆணி முறிந்துவிட்டது. இதுவரை கோளாறே காட்டாத இடம் அது. அவர் கை உடனே ஹேண்ட்பிரேக்குக்குப் போனது. நான் சொன்னபடியே அது பிடிக்கவில்லை. அவர் கால்களும் என் மனைவியின் கால்களும் மிதிக்கு உதவாது. உதவக்கூடிய என் கால்கள் பின்சீட்டில் இருந்தன. வண்டி ஆடுகளை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. அந்தப் பெண் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கியது எனக்கு இன்னும் தெரிகிறது.

வலப்பக்கம் ஜல்லிக் குவியல். இடப்பக்கம் தண்ணீர் தேங்கிக் கறுத்துக் கிடந்த புஞ்சை. அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் இடப்பக்கம் ஒடித்தார். வண்டி சரளைவிட்டுச் சரிந்து புஞ்சைக்குள் இறங்கியது. ஒரு குலுக்கல், முன்கண்ணாடி முழுக்கச் சேறு. அப்புறம், யாரோ அடியிலிருந்து நான்கு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதுபோல வண்டி மெத்தென்று நின்றது. எஞ்சின் அணைந்தது.

என்ன ஓர் அமைதி! சேறு வழியும் கண்ணாடியின் மேல் காற்றாலை இறக்கையின் நிழல் ஒன்று வந்து போனது. அடுத்தது வந்து போனது. மூன்று பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"டீச்சர், கை வலிக்கா?" என்று கேட்டார் அவர். அவரை நம்பி ஏறிய என் மனைவியின் தோள்பட்டையைத்தான் முதலில் நினைத்திருக்கிறார்.

அண்ணன் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு முழங்கால் சேற்றில் விழுந்து எழுந்து ஓடிவந்தார். "ஏலே! ஏலே!" என்று கத்தினார். கதவைத் திறந்து, வழக்கம்போலத் தம்பியைத் தூக்கக் குனிந்தார்.

"தூக்காத அண்ணே. ஆடு எதுக்கும் அடி இல்லையேன்னு போய்க் கேளு."

அண்ணன் குனிந்தபடியே அவர் முகத்தைப் பார்த்தார். கைகளை மெதுவாக எடுத்துக்கொண்டார். திரும்பி ஆடுகளை நோக்கி நடந்தார்.

ஆட்டுக்காரப் பெண்ணே பாதை ஓரம் வந்து நின்றார். பயம் தெளிந்ததும் அவருக்கு வாய் திறந்துகொண்டது. "ஏய்யா, இம்புட்டு அகல ரோடு இருக்க, காட்டுக்குள்ள எதுக்குக் காரை எறக்குனீய? உழவு மாடு கிடைக்கலியோ?"

உள்ளே மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க என் மனைவிக்குக் கண்ணீர் வந்தது. "எத்தன வருசமா இந்த வண்டிய ஓட்டியிருக்கேன் தம்பி, எனக்கு இது தோணியிருக்காது" என்றாள்.

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "சரள் மேல இது நிக்காது டீச்சர். இந்த மண்ணு மாட்டப் புடிச்சுக்கிடும், டிராக்டரப் புடிச்சுக்கிடும். நம்மளையும் புடிச்சுக்கிடும்னு விட்டேன்."

கரிசல் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மழை பெய்தால் அதில் கால் வைக்காதே, வண்டி விட்டால் மீளாது என்றே பழகியவன். அந்த மண் பிடித்தால் விடாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். பிரேக் போன கணத்தில் அதையே பிரேக்காக நினைக்க, ஒருமுறை விழுந்து எல்லாவற்றையும் இழந்த மனிதரால் எப்படி முடிந்தது? அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை நடுங்கவே இல்லை.

ஊரிலிருந்து டிராக்டர் வந்தது. அதைப் புஞ்சையில் இறக்காமல் பாதையிலேயே நிறுத்தி, வடம் கட்டி இழுத்தார்கள். ஆட்கள் பருத்திமார்க் கட்டுகளைக் கொண்டுவந்து சக்கரங்களுக்கு அடியில் திணித்தார்கள். அடுப்பெரிக்கச் சேர்த்து வைத்த காய்ந்த பருத்திச் செடிகள் அவை, கொடுக்க யாரும் யோசிக்கவில்லை. அந்த நேரம் முழுவதும் தம்பி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளேயேதான் இருந்தார். எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அண்ணன் கேட்டுக் கேட்டுச் செய்தார்.

வண்டி பாதைக்கு ஏறியதும் நான் அண்ணன் பக்கம் போனேன். வியாபாரம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வருத்தம் தெரிவிக்க வாயெடுத்தேன்.

அவர் சேற்றுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, வண்டிக்குள் இருந்த தம்பியையே பார்த்தபடி சொன்னார்: "சார், அந்த முறிஞ்ச ஆணிய மட்டும் நல்லாத் தடியாப் போட்டுக் குடுத்திருங்க. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

ஆணியை மட்டுமல்ல, நான் சொல்லிவந்த எல்லாக் குறைகளையும் பட்டறையில் நின்று தீர்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். உரிய லைசென்ஸ் எடுத்த பிறகு, இப்போது அவர் தினமும் அதில் வேலைக்குப் போய் வருகிறார். எதிலாவது பிடி நழுவி மனம் பதறும்போதெல்லாம், சேற்றுக்கு நடுவே நிதானமாக ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகள் என் கண்முன் வருகின்றன. பதறுவதை விட்டு, என்னைத் தாங்கிக்கொள்ள இங்கே எது இருக்கிறது என்று சுற்றிலும் பார்க்கத் தொடங்குகிறேன்.