புருஷோத்தமன் ஓட்டிப் பார்க்கிறார்

மணிமங்கலம் புருஷோத்தமன் எந்தப் பொருளையும் பார்க்காமல் வாங்க மாட்டார். பார்த்த பிறகும் வாங்க மாட்டார். படப்பைச் சந்தையில் பலாச்சுளையை ருசி பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும்" என்று நகர்ந்துவிடுவார். மெத்தைக் கடையில் படுத்துப் பார்த்தவரைக் குறட்டைச் சத்தம் கேட்டுத்தான் எழுப்பி அனுப்பினார்கள். கல்யாணம் ஒன்று மட்டும் விதிவிலக்கு. அது தாய்மாமன் பேசி முடித்தது.

"டெமோ பாக்காம இந்த ஆளு வாங்குன ஒரே ஐட்டம் நான்தான். அதான் இன்னும் ரிப்பேர் ஆவாம ஓடிக்கினு கீது" என்பார் மனைவி சசிரேகா.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் மூன்று வைத்திருந்தார் புருஷோத்தமன். எந்த ஷிஃப்டுக்கு எந்த வேன், எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள் என்பதெல்லாம் சசிரேகாவின் தலைக்குள் இருந்தது. அங்கிருந்து வாட்ஸ்அப்பில் குரலாகக் கிளம்பி ஓட்டுநர்களின் காதில் போய் விழும். யாருக்கும் ஒரு குறையுமில்லை. அதனாலேயே அதை மாற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

"வண்டி விவரம் பூரா சாஃப்ட்வேர்ல இருக்கணும், புருஷோத்தமன்" என்றார் தொழிற்சாலைப் போக்குவரத்துப் பிரிவின் கோதண்டராமன். "தீபாவளிக்கு முன்னாடி நானே வந்து பார்ப்பேன். இல்லேன்னா மணிமங்கலம் ரூட் வேற ஆளுக்குப் போயிடும்."

இருப்பதே அந்த ஒரு ரூட்தான். அது போனால் மூன்று வேனும் கோழி அடையத்தான் ஆகும்.

மென்பொருள் விற்கும் கம்பெனி ஒன்றிலிருந்து ஜாஸ்மின் என்ற பெண் ஆன்லைனில் டெமோ காட்டினாள். புருஷோத்தமன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். திரையில் 'மாதிரி டிரைவர்' என்ற பெயரோடு ஒரு பொம்மை வண்டி ஊர்ந்தது.

"இந்த மாதிரி டிரைவர் லீவு போடுவாராம்மா?"

"மாட்டார் சார், அது சும்மா டம்மி."

"அப்ப அவரையே அனுப்பிடும்மா."

ஜாஸ்மின் சிரித்தாள். அப்போது அவளுக்கு அவரைத் தெரியாது. இலவசமாக ஓட்டிப் பார்க்கும் கெடு முடிந்ததும் அவர் சசிரேகா பெயரில் பதிவு செய்தார். அதுவும் முடிந்ததும் டிரைவர் டில்லிபாபு பெயரில். ஜாஸ்மின் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து டெமோ காட்டினாள்.

"டில்லிபாபு சார்" என்றாள் கடைசியாக, "போன தடவை நீங்க சசிரேகா மேடமா இருந்தீங்க."

புருஷோத்தமன் சிக்னல் இல்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

அதோடு அவர் வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனியின் இணையதளத்திலேயே திறந்த வாசலாக ஒரு டெமோ பக்கம் இருந்தது. பெயர் கேட்காது, கெடு கிடையாது. யாரும் உள்ளே போய் வண்டி சேர்க்கலாம், ரூட் போடலாம். விடிந்தால் எல்லாம் தானே அழிந்துவிடும். "அது எல்லாருக்கும் பொது சார், உங்க விவரத்தைப் போடாதீங்க" என்று ஜாஸ்மின் முதல் நாளே எச்சரித்திருந்தாள். பொது என்ற சொல்தான் அவருக்குப் பிடித்தது. தெருக்குழாயும் பொதுதானே, அதில் நாம் குடம் வைப்பதில்லையா?

அன்றிலிருந்து தினம் காலையில் சசிரேகா மூன்று வேனையும் அத்தனை நிறுத்தத்தையும் டெமோவில் ஏற்றினார். மறுநாள் அது காணாமல் போகும். மறுபடி ஏற்றினார்.

"தெனம் போடுற கோலம் மாதிரி ஆயிடுச்சி" என்றார். "கோலமாவது கொஞ்ச நேரம் தெருவுல போறவங்க பாப்பாங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது அவருக்கு அப்போது தெரியாது.

கோதண்டராமன் சொன்னபடி ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மணிமங்கலம் வேன்கள் மூன்றும் வரிசையாக நின்றன. தலையாட்டினார். விரலால் திரையை மேலே தள்ளினார். மேலும் தள்ளினார்.

"ஓசூர்லயும் உங்களுக்கு வண்டி ஓடுதா?"

புருஷோத்தமன் எட்டிப் பார்த்தார். 'யாகப்பன் டிராவல்ஸ், ஓசூர்' என்ற பெயரில் வேன்கள் அணிவகுத்தன. அதற்குக் கீழே பேருந்துகள். எங்கேயோ ஓசூரில் இன்னொரு மனிதர், அவரைப் போலவே வாங்காமல் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாகப்பன் யாரென்று தெரியாது என்று சொன்னால், இது டெமோ என்பதையும் சொல்லவேண்டி வரும். டெமோ என்று சொன்னால் ரூட் போய்விடும். புருஷோத்தமன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார்.

"வெளிய சொல்லிக்க மாட்டாரு சார்" என்றார் சசிரேகா, காபியை நீட்டியபடி.

யோசித்துப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை.

கோதண்டராமன் காபியைக் குடித்தார். பார்வையில் மரியாதை கூடியிருந்தது. "இவ்வளவு பெரிய ஆளுன்னு தெரியாமப் போச்சே. மணிமங்கலம் உங்களுக்குத்தான். குன்றத்தூர் ரூட்டையும் நீங்களே எடுத்துக்குங்க. திங்கக்கிழமையிலேருந்து ரெண்டு வண்டி வேணும். முடியும்ல? முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, ரெண்டு ரூட்டையும் சேர்த்தே வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

"முடியும் சார்" என்றது புருஷோத்தமனின் வாய்.

மறுநாள் விடிந்தது. வழக்கம்போல டெமோ வெறுமையாக இருந்தது. ஓசூர் வண்டிகள் யாகப்பனோடு மறைந்துவிட்டன.

"இப்ப இன்னா பண்ணுவ?" என்றார் சசிரேகா. "அந்த மாதிரி டிரைவரைக் கூப்பிடேன், லீவே போட மாட்டாரு."

புருஷோத்தமன் சலவைச் சட்டையை எடுத்து மாட்டினார். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் வேன் விற்கும் ஷோரூமுக்குப் போய், புது வேன்கள் இரண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார், சீட்டை அமுக்கினார், சக்கரத்தை உதைத்தார். விற்பனையாளர் சக்திகுமார் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"டெஸ்ட் டிரைவ் போலாமா சார்?"

"போலாம் தம்பி. ரெண்டு வண்டியும் வேணும். திங்கக்கிழமை, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நேரத்துக்கு. ஆள ஏத்திதான் ஓட்டிப் பாக்கணும்."

"தாராளமா சார். ஃபேமிலி எல்லாரும் வராங்களா?"

"வருவாங்க" என்றார் புருஷோத்தமன். "குன்றத்தூர்ல ஏறிக்குவாங்க."