போகியில் போன நெல்வயல்

கோதுமை இருந்தது. பார்லி இருந்தது. உருளைக்கிழங்கு, சூரியகாந்தி, பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு தீவனப்புல், எல்லாம் இருந்தன. நெல் இல்லை. அந்த விவசாய விளையாட்டை எந்தக் குளிர்தேசத்தில் உட்கார்ந்து செய்தார்களோ, அங்கே யாரும் சோறு சாப்பிடுவதில்லை போலிருக்கிறது.

"நெல்லு இல்லாத வெவசாயம் இன்னா வெவசாயம்?" என்றாள் என் மனைவி, டிராக்டரை நடுவயலில் நிறுத்திவிட்டு. "கோதுமைய அறுத்து அறுத்து எனக்குச் சப்பாத்தி மேலயே வெறுப்பு வந்துடுச்சு."

மகள் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்க்கிற என் மனைவி, ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, டீ டம்ளரோடு அதன் முன் உட்கார ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் சிரித்தேன். பிறகு எட்டிப் பார்த்தேன். பிறகு நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஐம்பதை நெருங்குகிற இரண்டு பேர் அவரைக்காய் நறுக்கியபடி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வயல் பச்சையிலிருந்து பொன்னுக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவளுடைய அம்மா திருமழிசைப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர். நட்ட கழனியெல்லாம் இன்று பிளாட். அதைப் பற்றி இவளுக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது. "சேத்துல நின்னு நின்னு எங்கம்மா கால் விரலு வெளுத்துப் பூடும்" என்பாள், அவ்வளவுதான். ஆனால் விளையாட்டில் பண்ணையின் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தன் பெயரை மட்டும் அடித்திருந்தாள். என் பெயரின் முதலெழுத்துகூட இல்லை. கேட்டேன்.

"எங்கூட்ல யார் பேர்லயும் நெலம் இருந்ததில்ல. இது எம்பேர்ல கீது. உனக்கு இன்னா?"

எனக்கு ஒன்றுமில்லை. நெல் தேடுகிற வேலை மட்டும்தான் என்னுடையது.

தேடப் போனபோதுதான் மோட் என்கிற சொல்லே எனக்கு அறிமுகமானது. விளையாட்டைச் செய்த கம்பெனி தராததை, விளையாடுகிறவர்களே செய்து, உள்ளே சொருகிக்கொள்ளக் கொடுக்கிற துண்டு அது. ஒருவர் டிராக்டர் செய்கிறார். ஒருவர் வேலி செய்கிறார். எங்கோ ஒருவர் மழைக்குப் பிறகு சகதியில் விழும் டயர் தடத்துக்காக மட்டும் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கிறார். யார் இவர்கள், எந்த ஜன்னலோரம் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள், வீட்டில் திட்டு வாங்குவார்களா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்க மறந்து பட்டரவாக்கம் வரை போயிருக்கிறேன்.

மோட் கிடைக்கும் இடங்கள் மூன்று விதம் என்று மெல்லப் புரிந்தது. முதலாவது, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் கடை. எல்லாம் சோதித்து வைத்தது, ஒரு பட்டனில் வரும், ஒரு பட்டனில் போகும். அபார்ட்மெண்டுக்குக் கீழே இருக்கிற கடை மாதிரி சுத்தம், சரக்கு கொஞ்சம். அங்கே நெல் இல்லை. எருமைக் கொட்டகை ஒன்று கிடைத்தது, எடுத்துக்கொண்டோம். இரண்டாவது, உலகத்தார் அத்தனை பேரும் கொண்டுவந்து கொட்டுகிற பெரிய வலைத்தளம். பூந்தமல்லி மார்க்கெட்டில் விடிகாலையில் நுழைந்தது போல இருந்தது. ஒவ்வொரு மோட்டுக்கும் கீழே சண்டை, நன்றி, வேண்டுதல். பசுவின் கழுத்துமணிச் சத்தம் தன் ஊர் மணி மாதிரி இல்லை என்று ஒரு போலந்துக்காரர் நாலு பத்தி எழுதியிருந்தார். மோட்டை விட்டுவிட்டு அதைத்தான் படித்தேன். அங்கே கணக்கு தொடங்கினால், எது எங்கிருந்து வந்தது, எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ள மேனேஜர் என்று ஒரு மென்பொருளும் தருகிறார்கள். அது எதற்கு, நான்தான் இருக்கிறேனே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது இடத்தைக் காட்டியது மச்சான். என் மனைவியின் தம்பி, திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறவன். ஒரு வீடியோ அனுப்பினான். தஞ்சாவூர்ப் பேச்சில் யாரோ ஒருவர், முகம் காட்டாமல், நெல் மோட் செய்து விளக்கிக்கொண்டிருந்தார். நாற்றங்கால் உண்டு, பம்ப்செட் உண்டு, வயலில் தண்ணீர் நிற்கும். இறக்குவதற்கான இணைப்பு வீடியோவுக்குக் கீழே. திறப்பதற்கான பாஸ்வேர்டு வீடியோவின் நடுவில் எங்கோ. இருவரும் காது கொடுத்து முழுதும் கேட்டோம். பாஸ்வேர்டு ஒரு நெல் ரகத்தின் பெயர்.

ஆகக் கொட்டகை ஓரிடம், பெரிய தளத்தில் எடுத்த டிராக்டரும் கலப்பையும் ஓரிடம், நெல் ஓரிடம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டேன். தொழிலில் நான் ஸ்டோர் கீப்பர். ஒரு வாஷர் வந்தால்கூட எந்த லாட், எந்தத் தேதி என்று அட்டை எழுதாமல் உள்ளே விடமாட்டேன். வீட்டில் எழுதவில்லை.

தண்ணீர் நின்ற வயலில் வானம் தெரிந்த அன்று அவள் அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டாள். "தோ பாரு, மோட்டார் ஓடற சத்தம் கேக்குது" என்றாள். அதன் பிறகு நான்கு மாதம் கோதுமைக்கு இடமே இல்லை.

போகியன்று நான் காலையிலேயே ஸ்டாக் எடுக்கக் கம்பெனிக்குப் போய்விட்டேன். அவள் வீட்டைக் கவிழ்த்துத் துடைத்தாள். கிழிந்த பாய், கைப்பிடி போன வாணலி, மூன்று வருடக் காலண்டர், எல்லாம் வெளியே போயின. பரணைத் துடைத்தவள், அதே வேகத்தில் கம்ப்யூட்டரையும் துடைத்தாள். மோட் ஃபோல்டரில் பழைய தேதி போட்டிருந்ததையெல்லாம் தேர்ந்தெடுத்து அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டாள்.

பொங்கல் வைத்து, சூரியனுக்குக் காட்டி, சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது. திரையில் வயல் இருந்த இடத்தில் வெறும் தரை. நெல் இல்லை, பம்ப்செட் இல்லை, டிராக்டரும் கலப்பையும் இல்லை, கொட்டகையும் எருமைகளும் இல்லை.

"இன்னா பண்ண?"

"போகிக்கு எடுத்துப் போட்டேன். ஒரே பேர்ல ரெண்டு ரெண்டு, பின்னாடி நம்பரு. பழசுன்னு நெனச்சேன்." அவள் குரல் இறங்கியது. "தொறக்கும்போது என்னமோ இங்கிலீஷ்ல கேட்டுச்சு. எப்பவும் எதுனா கேட்டுக்கினேதான கீது. எஸ் குடுத்துட்டேன்."

அது கேட்டது இதைத்தான்: இந்த இந்த மோட்களைக் காணோம், இல்லாமலே திறக்கட்டுமா? இன்னும் எதுவும் அழியவில்லை. ஆனால் விளையாட்டு கால்மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகச் சேமித்துக்கொள்ளும். சேமித்த கணத்தில், இல்லாதது இல்லாததாகவே பதிவாகிவிடும். ஒரு வருட உழைப்பு.

"சேவ் ஆவறதுக்குள்ள வெளிய வா. எதுக்கும் எஸ் குடுக்காத."

வந்துவிட்டாள். சேமித்த கோப்பை முதலில் வேறொரு ஃபோல்டருக்குப் பிரதி எடுத்து வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகத் தேடினோம். உள்கடையிலிருந்து எடுத்த கொட்டகை ஒரே பட்டனில் திரும்பி வந்தது. பெரிய தளத்தில் பழைய பதிப்புகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். டிராக்டரும் கலப்பையும் எங்களுடையதே கிடைத்தன. அந்த அடுக்கைப் பார்த்தபோது, முகம் தெரியாத ஒரு ஸ்டோர் கீப்பரைக் கும்பிடத் தோன்றியது. நெல் மட்டும் வரவில்லை. வீடியோவே நீக்கப்பட்டிருந்தது.

மச்சானுக்குப் போன் போட்டேன். பின்னால் வேன் ஹாரன். "அந்த நெல்ல நீ எறக்கி வெச்சிருக்கியாடா?"

"நா ஃபார்வேர்டு பண்றவன் மாமா, டவுன்லோடு பண்றவன் இல்ல" என்றான். "இரு, வேற எடத்துல கீதான்னு பாக்கறேன்."

பத்தே நிமிடத்தில் ஒரு பக்கத்தை அனுப்பினான். அதே நெல், அதே படம். திறந்தால் டவுன்லோடு என்று ஏழு பட்டன்கள், எது உண்மை என்று தெரியவில்லை. கோப்பு முன்னைவிட மூன்று மடங்கு பெரிசு. நிறுவுவதற்கு முன் ஆண்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று ஒரு குறிப்பு. எனக்கு ஆசை விடவில்லை. உள்ளே என்னதான் இருக்கும் என்று பார்க்கிற ஆசை. விரல் மவுஸின் மேலேயே இருந்தது. அவளைப் பார்த்தேன். வயல் அவளுடையது.

"கதவத் தொறந்து வெச்சுட்டுப் படுங்கன்றான்" என்றாள். "மூடு அத்த."

"அப்போ நெல்லு போய்டும்."

"போவட்டும். நெலம் கீதுல்ல."

பெரிய தளத்தில் வேறொரு நெல் மோட் இருந்தது, வியட்நாம்காரர் ஒருவர் செய்தது. பம்ப்செட் இல்லை, வாய்க்கால் உண்டு. பழைய பயிர் இதில் திரும்பாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். கணக்கு தொடங்கி, அந்த மேனேஜரையும் ஒருவழியாக நிறுவினேன். அவள் பண்ணையைத் திறந்தாள். நெல்லைக் காணோம் என்று மறுபடியும் அந்த ஆங்கிலக் கேள்வி. இம்முறை ஒவ்வொரு சொல்லாக என்னைப் படிக்கச் சொல்லி, கேட்டு முடித்து, எஸ் கொடுத்தாள். பிறகு வெறும் தரையோடு அவளே சேமித்தாள். மூலையில் அவள் பெயர் அப்படியே இருந்தது.

உடனே விதைக்கவில்லை. மோட்டுக்குக் கீழே இருந்த பேச்சையெல்லாம் போனில் தமிழாக்கிப் படித்தாள். நாற்று எத்தனை நாளில் பிடுங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியம். போனிலேயே மொழிபெயர்த்து அவள் கேட்டாள். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது வியட்நாம்காரரிடமிருந்து பதில் வந்திருந்தது. நான் நகரத்தில் பிறந்தவன், படம் பார்த்துத்தான் செய்தேன், விளையாட்டில் இப்போது பத்து நாள் வைத்திருக்கிறேன், உங்கள் ஊரில் எத்தனை நாள் என்று கேட்டிருந்தார்.

"பத்து நாள்லயா?" என்றாள். "முடி மாதிரி இருக்கும், கையில நிக்காது." செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, இருபத்தைந்து நாள் என்று அடித்தாள். யோசித்தாள். பிடுங்குவதற்கு முன் நாற்றங்காலில் தண்ணீர் நிறைய விடணும், இல்லாவிட்டால் வேர் அறுந்துபோகும் என்றும் சேர்த்தாள். அனுப்பிவிட்டு, டீ இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள்.