“திருப்பதியா?” என்று கேட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம். பூந்தமல்லியைத் தாண்டியுள்ள ஒரு பொறியியல் கல்லூரிக்கு வாரத்தில் இரண்டு நாள் மனநல ஆலோசகராகப் போய்க்கொண்டிருந்தேன். வீடு அம்பத்தூரில். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் இடிபட்டுப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அன்றைக்கும் எரிச்சலோடுதான் நுழைந்தேன். என் அறை வாசலிலேயே விடுதி வார்டன் காத்திருந்தார்.

“மேடம், அந்த ஆப்பிரிக்காப் பொண்ணு திடீர்னு மொட்டை அடிச்சிக்கிட்டு வந்து நிக்குது. கட்டில் இருந்தும் தரையிலதான் படுக்குது. மூணு நாளா சரியா சாப்பிடல. எனக்குப் பாக்கவே பயமா இருக்கு.”

அந்தப் பெண் கென்யாவிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. முதலாண்டு மாணவி. தலை நிறையச் சின்னச் சின்னப் பின்னல்களோடு அவள் வளாகத்தில் நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது மழித்த தலையோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

நம் ஊரில் ஒரு பெண் மொட்டை அடித்திருந்தால் நமக்குத் தோன்றுவது ஒன்றுதானே? பேச்சை இலகுவாகத் தொடங்கலாம் என்று சிரித்துக்கொண்டே “திருப்பதியா?” என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்து ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லையே என்று முதல் குறிப்பை எழுதினேன்.

பிறகு படிவத்தில் இருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். ஏன் தரையில் படுக்கிறாய்? அப்படித்தான் படுக்க வேண்டும் என்றாள். வீட்டில் பேசினாயா? அம்மாவிடம் தினமும் பேசுகிறேன் என்றாள். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவர் பதில் சொல்வதில்லை, ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் அறிக்கை தயார். தீவிர மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிகிறது, குடும்பத்தாரிடம் அனுப்பிவைக்க வேண்டும்; குணமான சான்றிதழோடு வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் காகிதத்தில் முதல்வர் கையெழுத்துப் போட்டால் அவள் படிப்பு முடிந்தது. விசாவும் போய்விடும். திரும்பி வர வழி இருக்காது. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஏதோ பொறுப்பாக நடந்துகொள்கிற நினைப்பில் முதல்வரிடம் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் பார்த்துவிடுவதாகச் சொன்னார்.

மதியம் டீ குடிக்க வெளியே வந்தபோது கல்லூரிக்கு எதிரே இருந்த சலூன் கண்ணில் பட்டது. புத்தி சரியில்லாத பெண்ணுக்கு எவன் மொட்டை அடித்தான் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய் அந்தக் கடைக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கையில் இருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டு நான் முடிக்கும்வரை நின்றார்.

“இன்னா மேடம், சும்மா கத்திக்கினே கீறீங்க? லேடீஸுக்கு வெட்றதில்லன்னுதான் நானும் சொன்னேன். அது போன்ல ஒரு போட்டோவ காட்டிச்சி. பொட்டியில ஒரு அம்மா படுத்துக்கினு கீது. அச்சு அசல் அந்தப் பொண்ணு மூஞ்சி. அப்பாலே நான் ஒண்ணும் கேக்கல. சாவு மொட்டைக்குக் கண்ணாடி காட்டக்கூடாதுன்னு நாற்காலிய திருப்பிப் போட்டு அடிச்சி வுட்டேன்.”

அவர் விடவில்லை.

“கோயில் மொட்டைன்னா தலையில சந்தனம் இருக்காதா மேடம்? அதுகூடவா நீங்க பாக்கல?”

பார்க்கவில்லை. என் அப்பா போனபோது என் தம்பி மீசையையும் எடுத்துவிட்டு மொட்டைத் தலையோடுதான் நின்றான். ஒரு பையன் அப்படி என் அறைக்குள் வந்திருந்தால், உட்காருவதற்கு முன்பே குரலைத் தாழ்த்தி, வீட்டில் யார் என்று கேட்டிருப்பேன். பெண்ணுக்கும் அந்தத் துக்கம் தலைவரை வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் கறுப்புதான்; பள்ளியில் எனக்கு வைத்த பட்டப்பெயர்கள் இன்னும் மறக்கவில்லை. அப்படியிருந்தும், எதிரில் ஒரு கறுப்பினப் பெண் அழுதபோது எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. வார்டனுக்கு வந்த அதே பயம்தான். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சாலையை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. முதல்வர் அறைக்குள் அனுமதி கேட்காமலே போய், அறிக்கை தவறு, திருப்பிக் கொடுங்கள் என்றேன். “காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு சொல்றீங்களே மேடம்” என்று அலுத்துக்கொண்டார். அவருக்கு முன்னாலேயே அதைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம் விடுதிக்குப் போனேன். அறைத்தோழி ஊரிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அந்தப் பெண் தரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு என்ன வயது, என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஐம்பத்திரண்டு. விடுமுறையில் விடுதி காலியாகக் கிடந்தபோது செய்தி வந்திருக்கிறது. உடனே போக வழியில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாளாம். அம்மா போனால் பிள்ளைகள் தலையை மழித்துக்கொள்வதும் தரையில் படுப்பதும் அவர்கள் வீட்டு வழக்கமாம். அண்ணன் தம்பிகளோடு என்னால் நிற்க முடியாததால் இதையாவது செய்தேன் என்றாள்.

இதை ஏன் காலையில் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே என்றாள். வாட்ச்மேன், மெஸ் அக்கா, பஸ் கண்டக்டர் என்று பார்த்தவர்கள் எல்லாரும், சிலர் கையைக் கூப்பிக்கூட, “திருப்பதியா?” என்று கேட்டிருக்கிறார்கள். அதைத் தமிழில் துக்கம் விசாரிக்கும் வார்த்தை என்று நினைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவர்கள்கூட அம்மாவுக்காக ஒரு வார்த்தை சொல்லும் ஊர் இது என்று அண்ணனிடம் போனில் பெருமையாகச் சொன்னாளாம்.

அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன், நான் எழுதிய அறிக்கையையும் சேர்த்து. கடைசிவரை கேட்டாள். பிறகு, நீங்கள் என்னோடு சேர்ந்து துக்கப்பட்டதாக நினைத்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் ஆலோசனைக்கு வரவில்லை. இப்போது இறுதியாண்டு படிக்கிறாள். எதிரில் பார்த்தால் மரியாதைக்குத் தலையசைப்பாள், அவ்வளவுதான். அவள் கோபம் நியாயமானது, அது தீர வேண்டும் என்றுகூட நான் ஆசைப்படுவதில்லை. ஆனால் அன்றிலிருந்து என் முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும், இதை உங்கள் வீட்டில் என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், நோய் என்று ஒரு வார்த்தை எழுத என் கைக்குத் துணிவு வருவதில்லை.